அடைப்புக்குறிக்குள் கைதட்டல்

1

2000-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, காலை பதினொன்றரை மணி. எடிசன் நகரத்தில், ஓக் ட்ரீ சாலையின் இந்தியக் கடையொன்றில் வெண்டைக்காய்ப் பெட்டியின் முன்னால் நின்றிருந்தேன். காயின் முனையை ஒடித்துப் பார்க்கக் கூடாது என்று கடைக்காரர் ஓர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார். அந்த அட்டைக்கு அடியிலேயே ஒடித்த முனைகள் கிடக்கும். நானும் ஒன்றை ஒடித்துவிட்டு நிமிர்ந்தபோது, அரிசி மூட்டைகளுக்கு நடுவிலிருந்த சந்தின் மறுகோடியில் நண்பன் சிவசு வந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். தள்ளுவண்டியை நிறுத்தினான். அதன் ஒரு சக்கரம் மக்கர் செய்தது. இரண்டு முறை இழுத்துப் பார்த்து, பிறகு வண்டியையே தூக்கித் திருப்பி, வந்த வழியில் போய்விட்டான்.

“அங்கிள் நம்மளப் பார்க்கல போல,” என்றேன் மகளிடம்.

நந்தினிக்குப் பதின்மூன்று வயது. மூன்று வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பல வருடங்களாக இதுதான் ஏற்பாடு.

“ஹீ ஸா யூ, அப்பா,” என்றாள். “ஹீ டோட்டலி ஸா யூ.”

கடையின் மூலையில் இருந்த டிவியில் ஃபுளோரிடாவில் வாக்குச்சீட்டுகளை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்தல் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. யார் அதிபர் என்று தெரியவில்லை. பில் போடுகிறவர் என்னிடம், “நம்ம ஊரா இருந்தா இந்நேரம் பஸ் ஓடியிருக்காது சார்,” என்றார். நான் சிரித்தேன். வெண்டைக்காயை எடை போடாமலே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

2

நான் நாள் குறிக்கிற ஆள். விமானம் ஏறிய நாள், முதல் பனி விழுந்த நாள், காருக்கு எண்ணெய் மாற்றிய நாள் என்று எல்லாமே நோட்டில் இருக்கும். என்னை அறிந்தவர்களுக்கு இது வியப்பில்லை, எரிச்சல்தான். இந்தப் பழக்கம்தான் ஆறு வருடங்களுக்கு முன் என்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் மைக்ரோஃபிலிம் அறைக்குக் கொண்டுபோனது. நூறு வருடத்துக்கு முந்தைய பஞ்ச காலத்தில் எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்தைப் பற்றி இங்கிலாந்துப் பத்திரிகைகள் என்ன எழுதின என்று பார்க்கத்தான் போனேன். வட இங்கிலாந்தில், பஞ்சாலைகள் நிறைந்த ஒரு சிறு நகரத்துப் பத்திரிகைப் படச்சுருள்கள் கிடைத்தன. பருத்தி விலைக்குக் கீழே எங்கள் பஞ்சத்துக்கு நான்கு வரி இருந்தது. அதைக் குறித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நான்கு வரிக்குப் பக்கத்துப் பத்தியில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அதில் மாட்டிக்கொண்டேன்.

அந்த ஊரில் இரண்டு பத்திரிகைகள். ஒன்று லிபரல் கட்சி, இன்னொன்று கன்சர்வேடிவ். ஒன்றின் நிருபரும் மற்றொன்றின் நிருபரும் ஒரே கூட்டத்துக்குப் போவார்கள். இருவரும் சுருக்கெழுத்தில் வார்த்தை விடாமல் எழுதுவார்கள். ஆகவே பேச்சு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வித்தியாசமெல்லாம் அடைப்புக்குறிக்குள். ஒரு பத்திரிகையில் (நீண்ட ஆரவாரம்) என்று இருக்கும். அதே வாக்கியத்துக்கு மற்றதில் (ஏளனச் சிரிப்பு) என்று இருக்கும். ஒன்றில் (கைதட்டல்), மற்றதில் ஒன்றுமே இல்லை. மறுவாரம் இரண்டு ஆசிரியர்களும் ஒருவரை ஒருவர் ‘நம் சக பத்திரிகை’ என்று மிகுந்த மரியாதையோடு அழைத்து, அந்த மரியாதையாலேயே கன்னத்தில் அறைந்துகொள்வார்கள். கூட்டத்தில் யாராவது குறுக்கே கத்தினால் ‘ஒரு குரல்’ என்று போட்டு அவர் சொன்னதை எழுதுவார்கள். அவர் யார் என்று நூறு வருடமாக யாருக்கும் தெரியாது. எதிர்க்கட்சி மேடையில் நாற்காலி விழுந்தால் அதற்கும் ஒரு வரி உண்டு.

நான் நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடது பக்கம் ஒரு பத்திரிகை, வலது பக்கம் மற்றது என்று கைதட்டல்களை எண்ண ஆரம்பித்தேன். எதற்கு என்று மனைவி கல்யாணி கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. உடுமலையில் நான் முடி வெட்டிக்கொண்ட சலூனில் இரண்டு கட்சிப் பத்திரிகையும் வாங்குவார்கள். உள்ளே வருகிறவரின் வேட்டிக் கரையைப் பார்த்துத்தான் கடைக்காரர் பத்திரிகையை எடுத்துக் கொடுப்பார். மாற்றிக் கொடுத்துவிட்டால் தலையில் பாதி வெட்டியதோடு எழுந்து போகிற மனிதர்களும் உண்டு. கரையில்லாத அரைக்கால் சட்டையோடு போகும் எனக்கு இரண்டும் கிடைக்கும். ஒரே பொதுக்கூட்டம் இரண்டு பத்திரிகையிலும் இரண்டு ஊரில் நடந்தது போல இருக்கும். மைக்ரோஃபிலிம் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றும்போது அந்தச் சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற உணர்ச்சி வரும். இரண்டையும் படித்துவிட்டு, இரண்டிலும் சேராமல் இருக்கிற சுகம்.

இந்தச் சுகத்தில் எனக்கு ஒரே பங்காளி சிவசு.

சிவசுப்பிரமணியம் பொள்ளாச்சிக்காரன். ஊரில் இருந்தவரை ஒருவரையொருவர் தெரியாது. 1990-இல் ஒரே கம்பெனி வழியாக வந்து, ஒரே அபார்ட்மெண்டில் ஏழு மாதம் ஒரே குக்கரில் சமைத்தோம். அப்புறம் இரண்டு குடும்பங்களும் வந்து சேர்ந்தன. சனிக்கிழமை நான் நூலகத்திலிருந்து திரும்பும் நேரம் பார்த்து போன் பண்ணுவான்.

“ஏப்பா ரிப்போர்ட்டரு, இந்த வாரம் கைதட்டு யாருக்கு?”

“லிபரலுக்கு ஒம்பது, கன்சர்வேடிவுக்கு ரெண்டு.”

“எந்தப் பேப்பர்ல?”

“லிபரல் பேப்பர்ல.”

“அப்போ நெசம் நாலுன்னு வெச்சுக்கலாம்,” என்று சொல்லி அவனே சிரிப்பான்.

3

எங்கள் வட்டாரத் தமிழர் சங்கம் மிகச் சிறியது. பெயர் வேண்டாம். சனிக்கிழமை பிற்பகல் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடம் எங்களுக்கு நான்கு மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் சிவசு ஆறு வருடமாகக் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்திவந்தான். நந்தினியும் அவனிடம்தான் எழுதப் படிக்கக் கற்றாள். இந்த ஆண்டு தலைவர் ராமநாதன், பொங்கல் விழாவைப் பிரமாதமாகச் செய்ய வேண்டும், ஒத்திகைக்குக் கூடம் வேண்டும், நான்கு மாதம் வகுப்பை நிறுத்தலாம் என்றார். சிவசு மறுத்தான். அத்தோடு நிற்காமல் செப்டம்பர் தேர்தலில் தலைவர் பதவிக்கு அவரை எதிர்த்தே நின்றுவிட்டான்.

நான் செயலாளர். ராமநாதன் அணியில் இருந்தேன். வகுப்பு வேண்டுமா, ஒத்திகை வேண்டுமா என்று என்னிடம் தனியாகக் கேட்டிருந்தால் வகுப்பு என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் என் கிரீன் கார்டு மனுவுக்கு அனுபவச் சான்றிதழ் கொடுத்தவர் ராமநாதன். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் அவர்தான் மேலாளர். அந்த மனு ஒரு சர்க்கார் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய், பிறந்த தேதிச் சான்றிதழில் அப்பா பெயர் சுருக்கமாக இருக்கிறது என்று திரும்பி வந்து, மறுபடி போய், எங்கோ இருக்கிறது. மறுபடியும் ஒரு கடிதம் கேட்டால் அவரிடம்தான் போக வேண்டும். இதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. எனக்குத்தான் மறக்கவில்லை.

ஊரில் இருக்கும் எங்கள் ஓட்டை எங்களால் போட முடியாது. இங்கே எங்களுக்கு ஓட்டே கிடையாது. அதனால்தானோ என்னவோ, அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் நூறு பேர் கூடி ஓட்டுப் போட்டபோது அத்தனை சூடு. இட்லி கொண்டுவந்தவர்கள்கூடத் தனித்தனி மேஜையில் வைத்தார்கள். சிவசு ஒன்பது ஓட்டில் தோற்றான்.

அக்டோபரில் சங்கச் செய்திமடல் வந்தது. அதில் வந்த தேர்தல் கூட்டக் குறிப்பு நான் எழுதியது. தலைவரின் உரைக்கு மூன்று இடத்தில் (கைதட்டல்), ஓரிடத்தில் (பலத்த கைதட்டல்). அதற்குக் கீழே: ‘திரு. சிவசுப்பிரமணியம் வகுப்பு தொடர வேண்டுமென்று பேசினார். அப்போது அவையில் சலசலப்பு ஏற்பட்டது.’

மடல் கிடைத்த அன்று மாலை போன் வந்தது.

“ரிப்போர்ட்டரு, எனக்கு ஒரு கைதட்டுகூட இல்லையா?”

“நடந்ததத்தான எழுதினேன் சிவசு.”

“செரி,” என்று சொல்லி வைத்துவிட்டான். அதற்குப் பிறகு சனிக்கிழமை போன் நின்றது.

4

கடையில் வண்டி திரும்பிய அன்று பிற்பகல் கல்யாணி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

“மல்லிகா போன் பண்ணிருந்தா. அவங்க டெக்சஸ் போறாங்க. இர்விங்ல புது ப்ராஜக்டாம். தாங்க்ஸ்கிவிங் முடிஞ்சு சனிக்கிழமை கெளம்பறாங்க.”

“அடுத்த சனிக்கிழமையா?”

“ஆமா. சோபாவ வேணும்னா எடுத்துக்கறீங்களான்னு கேட்டா. உங்ககிட்ட அவங்க வீட்டுக்காரர் சொல்லலையாங்க?”

சிவசுவின் மனைவி மல்லிகாவும் கல்யாணியும் எங்கள் சண்டையில் சேரவில்லை. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க, போய் ஒரு வார்த்த பேசிட்டு வந்தா என்ன? பத்து வருசம். நந்தினிக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?”

“நான் என்ன தப்புப் பண்ணேன்? கூட்டத்துல நடந்தத எழுதினேன். அது செயலாளர் வேலை.”

சாப்பாட்டு மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நந்தினி தலையைத் தூக்காமல் சொன்னாள்: “தே கிளாப்ட் ஃபார் அங்கிள், அப்பா. லைக், எ லாங் டைம்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஐ வாஸ் டேப்பிங் இட். யூ டோல்ட் மீ டு.”

உண்மைதான். கூட்டத்தைக் கேம்கார்டரில் எடுக்கச் சொன்னது நான். ஆவணம் வேண்டும் என்று. அந்தக் கேசட்டில் நாளைக் குறித்து, உறையில் சீட்டு ஒட்டி, அலமாரியில் வரிசையில் வைத்தவனும் நான். பார்க்கவில்லை. நான்தான் நேரிலேயே இருந்தேனே.

கேசட்டைப் போட்டேன். பழக்கத்தில் நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்துக்கொண்டேன். இடது பக்கம் ராமநாதன், வலது பக்கம் சிவசு.

தலைவருக்கு நான் எழுதிய மூன்று கைதட்டலும் சரிதான், நான்காவதும் சரிதான், பலத்த என்பது கொஞ்சம் தாராளம். பிறகு சிவசு எழுந்தான். மைக் ஒரு முறை கீச்சிட்டது. “என்ர வகுப்புல பதினாலு கொழந்தைங்க. அவங்க நம்மள மாதிரி ஓட்டுப் போட முடியாது. அதனால நான் கேக்கறேன்,” என்றான். உடனே கைதட்டல். வலது பக்கம் ஒரு கோடு போட்டேன். இன்னொன்று. ஒரு சிரிப்பு. அப்போது பின்கதவு திறந்து, பக்கத்து அறையில் காத்திருந்த அவன் வகுப்புக் குழந்தைகள் உள்ளே வந்தார்கள். யாரும் அழைக்கவில்லை. நாற்காலிகளை இழுத்துப்போட்டு, அவன் நின்ற பக்கமாகப் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அத்தனை நாற்காலியும் சிமெண்டுத் தரையில் இழுபட்ட ஓசை. நான் எழுதிய சலசலப்பு அதுதான்.

அவன் முடித்ததும் நீண்ட கைதட்டல். கருவியின் ஓரத்தில் ஓடும் விநாடியைப் பார்த்தேன். பதினெட்டு.

படத்தின் இடது மூலையில் செயலாளரும் தெரிந்தார். தலைவர் பேசியபோது அவர் பேனாவை மூடி, மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தட்டினார். சிவசு முடித்தபோது பேனா கையில் இருந்தது. தலை குனிந்திருந்தது. அந்தப் பதினெட்டு விநாடியும் அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

பொய் எழுதுகிறோம் என்று எனக்கு அப்போது தெரியவே தெரியாது. இப்போதும் அதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது. அந்த வட இங்கிலாந்து நிருபர்கள் கள்ளத்தனமாகக் கண்ணடித்துக்கொண்டு எழுதினார்கள் என்றுதான் ஆறு வருடமாக நினைத்திருந்தேன். அவர்களும் கேட்டதைத்தான் எழுதினோம் என்று சத்தியம் செய்திருப்பார்கள் போலிருக்கிறது.

5

ஞாயிற்றுக்கிழமை ராமநாதனுக்குப் போன் செய்தேன். கூட்டக் குறிப்பில் பிழை இருக்கிறது, திருத்தம் ஒரு பக்கம் அச்சிட்டு எல்லாருக்கும் அனுப்ப வேண்டும் என்றேன்.

“என்ன சார் பிழை? ஓட்டு எண்ணிக்கையா?” அவர் குரலில் ஃபுளோரிடா தெரிந்தது.

“இல்லைங்க. கைதட்டல்.”

“என்னது?”

விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை.

“சார், மினிட்ஸ் அப்ரூவ் ஆயிடுச்சு. இப்ப போய் எதிர்க்கட்சிக்குக் கைதட்டல் விட்டுப்போச்சுன்னு லெட்டர் போட்டா, நாமளே தப்புப் பண்ணோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்.”

“தப்புப் பண்ணதாலதாங்க.”

“நீங்க பண்ணீங்க. நாம இல்ல.” பிறகு குரலை மாற்றிக்கொண்டு, “உங்க ஃபைல் என்ன ஆச்சு? ஏதாவது மூவ்மெண்ட் இருக்கா?” என்றார்.

அவர் அன்பாகத்தான் கேட்டிருக்கலாம். எப்போதும் கேட்பவர்தான். ஆனால் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். “இன்னும் இல்லைங்க,” என்றேன். “திருத்தத்த என் பேர்லயே அனுப்பிடறேன். சங்கத்தோட பேர் வராது.”

“உங்க இஷ்டம் சார்,” என்று வைத்துவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் அலுவலகத்தில் யாரும் வேலை செய்யவில்லை. என் பக்கத்து மேஜைக்காரர் ஒரு கட்சி, எதிர் மேஜைக்காரி இன்னொரு கட்சி. ஆளுக்கொரு சேனல் பார்த்துவிட்டு வந்து, அதே ஃபுளோரிடாவைப் பற்றி இரண்டு விதமாகச் சொன்னார்கள். நான் ஆறு முறை அந்த ஒரு பக்கத்தைத் திருத்தினேன். மைக்ரோஃபிலிமில் நான் பார்த்தவரை அந்தப் பத்திரிகைகள் பெயர்ப் பிழைக்குத் திருத்தம் போட்டிருக்கின்றன, விளம்பரத்தில் விலை தவறினால் போட்டிருக்கின்றன. கைதட்டலுக்குப் போட்டதாக ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எனவே மாதிரி எதுவும் இல்லை. கடைசியில் பேச்சின் சாரத்தை முழுதாக எழுதி, கைதட்டல்களை அதனதன் இடத்தில் போட்டு, முடிவில் (நீண்ட கைதட்டல்) என்று சேர்த்து, சலசலப்பு என்று எழுதியது குழந்தைகள் வந்து உட்கார்ந்த ஓசையே என்று விளக்கினேன்.

6

சனிக்கிழமை காலை அவன் வீட்டு வாசலில் வாடகை லாரியின் பின்கதவு திறந்திருந்தது. சோபா புல்வெளியில் கிடந்தது. சிவசு பெட்டிக்குப் பசைநாடா ஒட்டிக்கொண்டிருந்தான். மல்லிகா என்னைப் பார்த்ததும், “வாங்கண்ணா, காப்பிக்கு டம்ளரெல்லாம் பேக் பண்ணியாச்சு, பேப்பர் கப்புல தர்றேன்,” என்று உள்ளே போனாள்.

“சோபாவுக்கு வந்தியா?” என்றான் சிவசு.

“இல்ல. இதக் குடுக்க வந்தேன். எல்லாருக்கும் தபால்ல போகுது. உனக்கு மொதல்ல.”

நாடாவைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தாளை வாங்கினான். நின்றபடியே படித்தான். பள்ளிக்கூடத்து வாத்தியார் போல இரண்டாவது முறையும் படித்தான். குழந்தைகளைப் பற்றிய வரி வந்த இடத்தில் அவன் உதடு அசைந்தது.

“நீண்ட கைதட்டல்னு போட்டிருக்கியே. எத்தன நீளம்?”

“பதினெட்டு செகண்டு. டேப்புல எண்ணினேன்.”

“ம்.” தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். ஒன்றும் இல்லை. “அதுல நீ தட்டினியா?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“இல்ல.”

“அத எழுதலையே, ரிப்போர்ட்டரு.”

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கில் விட்டுப்போன படியைச் சுட்டிக்காட்டுவது போலச் சொன்னான். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு சோபாவின் ஒரு முனைக்குப் போய் நின்று, “அந்தப் பக்கம் பிடி. யாரும் எடுக்கலீன்னா லாரியிலயே ஏத்திருவோம்,” என்றான்.

ஏற்றினோம். கனமான சோபா. கதவருகில் ஒரு முறை மாட்டிக்கொண்டு, “உன்ர பக்கம் தூக்கு… இன்னும் தூக்குப்பா…” என்று அவன் சொல்ல, நான் தூக்கினேன். காப்பி ஆறிப்போயிருந்தது. குடித்தேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்றேன். “பாக்கலாம்,” என்றான்.

7

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. உறைகள் எல்லாம் சாப்பாட்டு மேஜையில் முகவரிச் சீட்டு ஒட்டித் தயாராக இருந்தன. மடித்த தாள்களை வெளியே எடுத்தேன். ஒவ்வொன்றாக விரித்து, கடைசி வரிக்குக் கீழே பேனாவால் எழுத ஆரம்பித்தேன். கம்ப்யூட்டரில் சேர்த்து மறுபடி அச்சடித்திருக்கலாம். அது தோன்றாமல் இல்லை.

நந்தினி தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். சிவசு கற்றுக்கொடுத்தபடி எழுத்தின் மேல் விரலை ஓட்டி, சத்தமாகப் படித்தாள்.

“செ… ய… லா… ளர். செயலாளர். கை… தட்ட… வில்லை.” விரல் நின்றது. “தட்ஸ் யூ.”

“ஆமா.”

“ஒய் டிட்’ன்ட் யூ?”

ராமநாதன், சான்றிதழ், மனு, அப்பா பெயரின் சுருக்கம் எல்லாம் வாய்வரை வந்தன. எதுவும் ஒரு குழந்தையிடம் சொல்லும்படியாக இல்லை. “எழுதிட்டு இருந்தேன்,” என்றேன்.

அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குவியலில் பாதியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

இன்று டிசம்பர் மூன்றாவது ஞாயிறு. யார் அதிபர் என்று நீதிமன்றம் சொல்லி முடித்துவிட்டது. அலுவலகத்தில் அந்த இருவரும் தனித்தனியாகச் சாப்பிடப் போகிறார்கள். திருத்தம் கிடைத்தவர்களில் மூன்று பேர் என்னைப் பாராட்டினார்கள், இரண்டு பேர் வணக்கம் சொல்வதில்லை, மற்றவர்கள் படித்தார்களா என்றே தெரியவில்லை. ஒத்திகை நடக்கிறது. இர்விங்கிலிருந்து போன் வரவில்லை. மல்லிகா கல்யாணியிடம் பேசுகிறாள், சோபா பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாம். நூலகத்துக்கு மூன்று வாரமாகப் போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போனுக்குப் பக்கத்தில் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறேன்.

சங்கத்துக்காரர்கள் வீடுகளில் அந்தத் தாள் எங்காவது கிடந்தால் எடுத்துப் பார்க்கலாம். பாதித் தாள்களில் கடைசி வரி என் கையெழுத்தில் இருக்கும். மீதியில் எழுத்துகள் கொஞ்சம் பெரிதாக, கோட்டை விட்டு மேலேறி, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். அது என் மகள் எழுதியது.